ஏறியது இறங்காது

மார்ச் 4

தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். காகிதத்தில் எழுதியிருக்கிறேனே என்று சிரிக்காதே. உன் பெட்டி வலையில் போட்டால் நான் செத்த பிறகும் அது அங்கேயே கிடக்கும். போனில் பேசினால் யார் யார் காது கொடுத்துக் கேட்கிறார்களோ தெரியாது. கிழித்துப் போட முடிகிற ஒன்றில் எழுதினால்தான் எனக்கு நிம்மதி. உன் அண்ணன் லாரியில் பாட்டில் லோடு ஏற்றிக்கொண்டு நீ இருக்கும் துறைமுகத்துக்குத்தான் வருகிறார். அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

நேற்று மத்தியானம் ஊசி, அதான் நாம் அப்படிப் பெயர் வைத்த அந்தத் தையல் ஆலைப் பெண், நம் மருந்துக்கடைக்கு வந்தாள். இருமல் மருந்து கேட்டாள். ஆனால் இருமல் இல்லை. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் போகும்வரை அலமாரியில் மாத்திரைப் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் வாயைத் திறந்தாள். தையல் ஆலை சூப்பர்வைசர் இரண்டு ஆட்களோடு அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான்.

"ரொம்ப மரியாதையாப் பேசுறாங்க அக்கா. தண்ணி கொடுத்தேன், நன்றிம்மான்னு சொல்லிக் குடிச்சாங்க. அதான் எனக்குச் சரியாப் படலை."

ஆலையில் தீப்பிடித்த அன்று பின்கதவு வெளியே பூட்டியிருந்தது, சாவி சூப்பர்வைசர் இடுப்பில் இருந்தது, அவன் முன்வாசல் வழியாக ஓடிவிட்டான் என்று அவள் சொன்னதை நீதானே நம் கடைப் பின்னறையில் பதிவு செய்தாய்? அரசாங்கம் இணையத்தை நிறுத்தி வைத்திருந்த வாரம். பேசியதை இணையம் இல்லாமலே ஒன்றுக்கொன்று அனுப்பி வைத்துக்கொள்ளும் உன் பெட்டிகள் மட்டும்தான் அப்போது வேலை செய்தன. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் போனைப் பெட்டியோடு இணைத்து அவள் பேச்சைக் கேட்டார்கள். இப்போது விசாரணை வரப்போகிறது. அதற்குள் அந்தப் பதிவு போய்விட வேண்டுமாம். "நீதானேம்மா ஏத்தின, நீயே எடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

அவளும் எடுக்கச் சொல்கிறாள். நீ ஊருக்கெல்லாம் அழிக்கவே முடியாது என்று சொல்லி வைத்திருக்கிறாய். பெட்டி வைத்திருக்கும் நம் ஐந்து பேருக்குத்தான் உண்மை தெரியும். ஒரு பெட்டியில் அழித்தால் மற்ற நான்கும் திருப்பிக் கொடுத்துவிடும், சரி. ஐந்தையும் ஒரே நேரத்தில் அணைத்து, உள்ளிருக்கும் மெமரி அட்டையை உருவி, அந்தப் பதிவை மட்டும் துடைத்துவிட்டால்? என் மாடியில் ஒன்று, சலூனில் ஒன்று, பல் டாக்டரிடம் ஒன்று, கணக்கு வாத்தியார் வீட்டில் ஒன்று. தூரத்தில் இருந்துகொண்டு எங்களோடு பேசிக்கொண்டிருக்கிற ஐந்தாவது உன்னிடம்.

ஒரு நாள் குறித்துச் சொல். நீ சாப்பிடுகிறாயா இல்லையா என்பதையும் எழுது.

அண்ணி

மார்ச் 7

அண்ணிக்கு,

அண்ணன் என் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, பதிலை வாங்காமல் நகர மாட்டேன் என்கிறார். லோடு இறக்கியாகிவிட்டதாம், அவசரம் இல்லையாம். என் தலையணையையும் எடுத்துக்கொண்டுவிட்டார். அதனால் நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தாலும் நிலைகொள்ளாது என்பது வேறு விஷயம்.

முடியாது அண்ணி. கோபப்படாமல் முழுதும் படியுங்கள்.

'ஏறியது இறங்காது' என்று தெருத் தெருவாக நோட்டீஸ் ஒட்டினோமே, அதை நீங்கள் விளம்பரம் என்று நினைத்துவிட்டீர்கள். பெட்டியில் பேசுகிறவர்களுக்கு அதுதான் காவல். அழிக்கவே முடியாது என்றால் பேசியவளை மிரட்டி யாருக்கு என்ன லாபம்? அழிக்கலாம் என்று ஒரே ஒரு முறை தெரிந்துவிட்டால், இனி பேசுகிற ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் ஆள் வந்து நிற்பான். பயந்தவர் கேட்டால் அழித்துவிடுவது என்று வைத்துக்கொண்டால், பயமுறுத்தத் தெரிந்தவன்தான் எதை வைப்பது எதை அழிப்பது என்று முடிவு செய்வான். அரசாங்கம் செய்ததும் இதைத்தானே? அதற்கு எதிராகத்தானே நாம் மாடி மாடியாக ஏறி இறங்கினோம்?

அவளாகக் கேட்கிறாளா, கேட்க வைக்கிறார்களா? இதற்கு எப்படிப் பதில் கண்டுபிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பதில் தெரியாத கேள்வியை எந்த மனிதரும் தீர்க்க வேண்டியிருக்கக் கூடாது என்றுதான் பெட்டியை அப்படிச் செய்தேன்.

இறந்தவர்களின் வீட்டாரையும் நினைத்துப் பாருங்கள். கதவு திறந்துதான் இருந்தது என்று ஆலைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை மறுக்க இந்த ஒரு பதிவுதான் இருக்கிறது. யாராவது இன்னொரு போனை வைத்து அதைப் பதிவு செய்து வைத்திருந்தாலும் அது போலி என்று சொல்லிவிடுவார்கள். பெட்டியில் இருப்பதில்தான் எங்கே, எப்போது பேசியது என்ற அடையாளம் மாறாமல் இருக்கிறது.

ஊசியை இங்கே அனுப்புங்கள். வேலை பார்த்துத் தருகிறேன். இன்னொன்று. அவள் குரலை யாருக்கும் தெரியாதபடி மாற்றியிருந்தேனே, இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினேன். எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

சாப்பிடுகிறேன்.

தம்பி

மார்ச் 9

தம்பி,

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்டாயே, கேள். குரலை மாற்றினாய். மூச்சு விடுவதைக்கூட மாற்றினாய். "என் மெஷின்ல உக்காந்து பாத்தா பின்கதவு தெரியும்" என்று அவள் சொன்னதை அப்படியே விட்டுவிட்டாய். அந்தக் கூடத்தில் இரண்டே இரண்டு மெஷினிலிருந்துதான் அந்தக் கதவு தெரியுமாம். அதில் ஒருத்தி செத்துப் போய்விட்டாள். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க அவனுக்கு என்ன பெரிய படிப்பு வேண்டியிருக்கிறது? தையல் மெஷினில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். நானும்தான் பக்கத்தில் நின்று கேட்டேன், எனக்கும் உறைக்கவில்லை. அதனால் உன்னை மட்டும் திட்டவில்லை.

நீ எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "அழிக்க முடியாதுன்னா என்னை விட்டுடுவாங்கன்னு அவர் நினைக்கிறாரு. அவங்க அப்படி நினைக்கலையே அக்கா" என்றாள். அவ்வளவுதான். உன் மூன்று பக்கமும் அந்த ஒரு வரியில் படுத்துவிட்டது.

வியாழக்கிழமை அவள் வீட்டுப் பூட்டுத் துளைக்குள் பசையை ஊற்றி வைத்திருந்தார்கள். வேலை தேடப் போய்விட்டு வந்தவள் சாவியை வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றிருக்கிறாள். அக்கம்பக்கத்தில் ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லையாம். கதவு பூட்டியிருந்தது என்று சொன்னவளுக்கு அவர்கள் கொடுத்த பதில் அது. அன்றிலிருந்து கடைக்கு மேல் நம் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள், உன் பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டு. அந்தச் சின்னப் பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிவதால் தூக்கம் வரவில்லை என்று அதன் மேல் துணியைப் போட்டு மூடியிருக்கிறாள். உன் ஊருக்கு வர மாட்டாளாம். "நான் என்ன திருடினேன் ஓடுறதுக்கு?" என்கிறாள்.

அவளாகக் கேட்கிறாளா, கேட்க வைக்கிறார்களா என்று உனக்குத் தெரியாதாம். எனக்கும் தெரியாது. ஆனால் பேசு என்று நாம் கேட்டபோது அவள் தானாகப் பேசினாளா, நாம் பேச வைத்தோமா என்று நீ கேட்கவே இல்லையே? அப்போது மட்டும் அவள் வார்த்தை போதுமாக இருந்தது.

செத்தவர்கள் வீட்டாரை நானும்தான் நினைக்கிறேன். அதற்காக இவளைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த முடியாது.

நான் மூன்று பேரிடமும் பேசிவிட்டேன். சலூன்காரர் உடனே சரி என்றார். பல் டாக்டர், "பல்லைப் பிடுங்குறதுக்கே நான் பேஷன்ட்கிட்ட சம்மதம் கேக்குறேன், இதுக்குக் கேக்க வேணாமா?" என்றார். கணக்கு வாத்தியார்தான் உன்னைப் போலவே மணிக்கணக்காக வாதாடினார். அவரை ஊசியிடம் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். கீழே வந்தவர் எந்த நாள் என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணி. நாங்கள் நான்கு பேரும் அணைக்கிறோம். உன்னுடையது எரிந்துகொண்டிருந்தால் எங்கள் நான்கிலும் அது திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும்.

அண்ணி

மார்ச் 15, ஞாயிறு

அண்ணிக்கு,

அணைத்துவிட்டேன். அட்டையை உருவி அந்தப் பதிவை மட்டும் துடைத்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன், இல்லை.

பதினொன்றரைக்கே பெட்டியின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அணைக்கக் கூடாது என்பதற்கு எனக்கு இன்னும் பதினைந்து காரணங்கள் தெரியும். கணக்கு வாத்தியார் மாடியிலிருந்து இறங்கி வந்து எந்த நாள் என்று மட்டும் கேட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்னை வாதத்தில் ஜெயித்த ஒரே ஆள் அவர்.

மறுபடி போட்டபோது மற்றவை எல்லாம் இருந்தன. மருந்து கிடைக்கும் இடங்கள், தண்ணீர் லாரி நேரம், யாரோ ஒருவர் பாடிப் பார்த்த பாட்டு. அந்த ஒன்று மட்டும் இல்லை. நான் செய்தது சரி என்று என்னைச் சொல்லச் சொல்லாதீர்கள். ஒரு சாட்சியத்தை அழித்த கையால் சோறு அள்ளிச் சாப்பிடப் பிடிக்கவில்லை, அறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். கீழ் வீட்டுக்காரர் கம்பால் கூரையைத் தட்டுகிறார்.

அவள் தூங்கினாளா என்று எழுதுங்கள்.

தம்பி

மார்ச் 18

தம்பி,

தூங்கினாள். ஒரே ஒரு நாள்.

செவ்வாய்க்கிழமை சூப்பர்வைசர் கடைக்கே வந்தான். கூட்டம் இருந்தது. வரிசையில் நின்றான் என்றால் நம்புவாயா? தன் முறை வந்ததும், "தலைவலி மாத்திரை குடுங்கம்மா, உங்க பெட்டியால வந்த தலைவலி" என்றான். நானும் நிமிர்ந்து பார்த்து, அதை அழித்தாயிற்று, நீங்களே போனை இணைத்துப் பாருங்கள் என்றேன். பார்த்தான். தேடினான். இல்லை.

இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியவன்தானே? சிரித்தான். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்து மேஜை மேல் விரித்தான். நீ ஒட்டிய நோட்டீஸ். 'ஏறியது இறங்காது. யார் சொன்னாலும், நாங்களே நினைத்தாலும்.' அதை எனக்கு வாசித்துக் காட்டினான்.

"உங்க ஆளே எழுதியிருக்காரு. இங்க மறைச்சு வச்சுட்டு விசாரணை அன்னைக்கு எடுத்து விடலாம்னு பாக்குறீங்க. எங்களுக்கே காது குத்துறீங்களா?"

நான் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். ஐந்து பெட்டியையும் அணைத்த கதையைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னேன். மாத்திரைக்குக் காசைச் சரியாக வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலமே எதிர்ப்பக்கம் பைக்கில் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஊசி ஜன்னல் பக்கமே வருவதில்லை.

தம்பி, இருக்கிறது என்றால் காட்டலாம். இல்லை என்பதை நான் எதைக் கொண்டு காட்டுவேன்? நீ அவ்வளவு நன்றாக நம்ப வைத்துவிட்டாய். உண்மையாகவே அழித்த பிறகும் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பதிவும் போயிற்று, பயமும் போகவில்லை. இரண்டு பக்கமும் அடி.

நீதான் சொல்ல வேண்டும். நான் சொன்னால் செல்லாது, உன் வாயால் வர வேண்டும். எல்லோருக்கும் கேட்கும்படி, அழிக்க முடியும், அழித்தோம், இப்படித்தான் அழித்தோம் என்று சொல். அதற்கு என்ன விலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. துறைமுகத்துக் கிரேன்காரர்கள் உன்னை நம்பிப் பெட்டி வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று உன் அண்ணன் சொன்னார். அவர்களிடமும் நீ இதைத்தானே சொல்லியிருப்பாய்?

கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அண்ணி

மார்ச் 22

அண்ணிக்கு,

சொல்லிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அண்ணன் கொடுத்ததும் முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. ஒருத்திக்காக எல்லோரையும் விடச் சொல்கிறீர்களே என்று. அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்னை இழுக்காத, நான் வெறும் தபால்காரன்" என்று வெளியே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து கதவோரம் நின்று, "அந்தப் பொண்ணு மாடியில நடக்குறது கீழ எங்க ரூம்ல கேக்குதுடா" என்றார். அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

நானே பேசிப் பதிவு செய்து பெட்டியில் ஏற்றினேன். பழைய நோட்டீஸ் ஒட்டிய இடங்களில் ஒட்டச் சொல்லி அண்ணனிடம் தாளும் கொடுத்திருக்கிறேன். எந்தப் பதிவு, ஏன் எடுத்தோம், எப்படி எடுத்தோம், எல்லாம் இருக்கிறது. அழிக்க முடியாது என்று நாங்கள் சொன்னது பொய் என்பதும் இருக்கிறது. மற்ற மூவரின் பெயரையும் இடத்தையும் சொல்லவில்லை. ஆனால் தேடுகிறவனுக்கு மாடியில் பெட்டியின் ஏரியல் கம்பி தெரியாமலா போகும்? அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்பவர்கள் பெட்டியைக் கழற்றிவிடட்டும்.

கிரேன்காரர்களிடம் நேரில்தான் போய்ச் சொன்னேன். நிர்வாகம் அவர்கள் பேசிக்கொள்ளும் வழியை எல்லாம் அடைத்துவிட்டதால்தான் என்னைத் தேடி வந்தார்கள், அவர்களுக்கென்று தனியாக ஒரு வலை போட்டுக் கொடுத்திருந்தேன். ஓய்வறையில் அவர்கள் சாப்பாட்டு நேரம். ஒருவரும் கத்தவில்லை. ஒருவர் எழுந்து போய்த் தன் பெட்டியைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர். கடைசியில் கிரேன் ஓட்டுகிற ஒரு அம்மா மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அழிக்க முடியும்னு முதல்லயே சொல்லியிருந்தா, எதைப் பேசலாம் எதைப் பேசக் கூடாதுன்னு நாங்க பாத்து வச்சிருப்போம் தம்பி. நீங்க தைரியம் குடுத்தீங்க. யார் குடுக்கச் சொன்னது?"

அவர் பெட்டியைத் திருப்பித் தரவில்லை. வைத்துக்கொள்ளப் போகிறாரா, கடலில் வீசப் போகிறாரா என்று கேட்கவும் துணிச்சல் இல்லை.

என் வேலை இங்கே முடிந்துவிட்டது போல இருக்கிறது. பைக் ஆள் போனானா? அதை மட்டும் சீக்கிரம் எழுதுங்கள்.

தம்பி

மார்ச் 29

தம்பி,

பைக் ஆள் போய்விட்டான். நீ பேசியதைச் சூப்பர்வைசர் முழுதும் கேட்டிருக்கிறான். தாளைக் கிழித்துக்கொண்டுபோய் முதலாளியிடமும் காட்டினானாம். வெள்ளிக்கிழமை கடைப் பக்கம் போகும்போது எனக்கு ஒரு வணக்கம் வைத்தான். ஜெயித்தவன் வைக்கிற வணக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சலூன்காரர் பெட்டியைக் கழற்றிவிட்டார். மற்ற இருவரும் வைத்திருக்கிறார்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். நேற்று டயர் கடைக்காரர் வந்தார். கடைவீதி முனையில் பஞ்சர் ஒட்டுகிறாரே, அவர் மகளும் அந்தத் தீயில் போய்விட்டாள். மருந்து வாங்க வரவில்லை. மேஜை மேல் போனை வைத்தார்.

"ரெண்டு வாரமா உங்க பெட்டியில அந்தப் பேச்சு வர மாட்டேங்குது. தினமும் உங்க கடை வாசல்ல நின்னு கேப்பேன். அதுல என் பொண்ணு பேர் இல்லைதான். அவகூட அந்த ரூம்ல இருந்த ஒருத்தி பேசுறா இல்லையா, அது போதும்னு கேப்பேன். போன் கெட்டுப் போச்சாம்மா?"

உன் தாள் அவர் கண்ணில் படவில்லை. பட்டாலும் படிக்கத் தெரியாது. நான் சொன்னேன். நாங்களே அழித்தோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை எடுத்து வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பின்னறையில் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்த ஊசி வெளியே வந்தாள். நான் கையைக் காட்டித் தடுத்தேன். தள்ளிவிட்டு வந்து அவர் எதிரே நின்றாள்.

"நான்தாங்க அது. உங்க பொண்ணு எனக்குப் பக்கத்து மெஷின்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அவள் ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பதிவில் சொன்னதைத்தான் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். நடுவில் நிறுத்தினாள்.

"கதவைத் தள்ளிப் பாத்தேன், பூட்டியிருந்துச்சுன்னு அதுல சொல்லியிருக்கேன். நான் கதவுகிட்டயே போகலைங்க. உங்க பொண்ணுதான் போனா. ஊருக்கே கேக்குற இடத்துல அவளைப் பத்திப் பேச எனக்கு வாய் வரலை. நான் போனதா சொல்லிட்டேன். அப்புறம் மாத்தணும்னா மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க. கீழ வாசல்ல ஆளுங்க நின்னு நின்னு அதையே கேக்குறாங்க. மாடியில படுத்தா எனக்குத் தெரியும், இப்பவும் யாரோ அந்தப் பொய்யைக் கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு."

தம்பி, பயத்தில்தான் எடுக்கச் சொல்கிறாள் என்று நீயும் நானும் கடிதத்துக்குக் கடிதம் அடித்துக்கொண்டோமே. வேறு ஏதாவது காரணம் உண்டா என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டோமா? கணக்கு வாத்தியாரிடம் அன்றைக்கு மாடியில் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டிருக்கிறார், சொல்லியிருக்கிறாள்.

டயர் கடைக்காரர் போனை மடியில் செருகிக்கொண்டு கேட்டார். "நீ போகலைன்னா, பூட்டியிருக்குன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவ தள்ளிப் பாத்துட்டுத் திரும்பிக் கத்தினா."

"என்னன்னு?"

"பூட்டியிருக்குடி, இங்க வராத, ஜன்னலுக்குப் போன்னு."

அவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னாள். மகள் எப்படிக் கத்தினாளோ அப்படியே சொல்லச் சொன்னார். ஊசி கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள். தெருவில் போனவர்கள் நின்று ஷட்டருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்கள். அவர் மேஜையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார்.

அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "விசாரணையில இதைச் சொல்வியா?" என்று கேட்டார்.

"நீங்க உக்காந்து கேக்குறதா இருந்தா சொல்றேன்."

"முன் வரிசையிலயே உக்காந்திருப்பேன்மா" என்றார்.

அண்ணி